கொட்டை எழுத்தும் இறைச்சொல்லும்

தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எல்லைவரை கொண்டுபோன எழுத்துரு, வாசிக்கப்படுவதற்கு முன்பே பார்க்கப்பட்டுவிடுகிறது. அதன் நெடுங்கோடுகள் பருத்து, எழுத்தின் இடத்தில் பெரும்பங்கைத் தாமே எடுத்துக்கொள்ளும். குறுக்குக் கோடுகளும் முனைகளில் வரும் செரிஃப்களும் மயிரிழையாக ஒடுங்கிவிடும். வளைவுகள் முடியும் இடத்தில் உருண்டைக் குமிழ் நிற்கும். எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் கீற்றாகச் சுருங்கும். ஒஸ்லோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லில்லெஸ்ட்ரோம் நகரின் பெயரை நோர்வே மொழியில் இந்த எழுத்தில் கோத்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரியும். பெயரின் முன்பாதியில் அடுத்தடுத்து வரும் நிமிர்ந்த கோடுகள் கறுப்புப் பட்டைகளாகி, தெருவின் மறுகோடியிலிருந்தும் கண்ணைப் பிடிக்கும். பின்பாதியில் வட்டத்தின் குறுக்கே சாய்கோடு ஓடும் நோர்வேயின் தனி உயிரெழுத்து ஒன்று உண்டு. அந்தச் சாய்கோடு மயிரிழையாகிவிடுவதால் சற்று எட்டி நின்றால் மறைந்துபோகிறது. ஓர் உயிரெழுத்து வேறோர் உயிரெழுத்தாகிவிடுகிறது. தமிழில் எழுதினாலும் சிக்கல் உண்டு. மூன்று லகரச் சுழிகள், நான்கு புள்ளிகள், நடுவே ஸகரம். கோடு தடிக்கத் தடிக்கச் சுழிகளின் உள்வெளி அடைபடும். புள்ளி மேற்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இத்தகைய எழுத்து உரக்கப் பேசுவதற்காகவே செய்யப்பட்டது. அதனாலேயே சமயச் சிந்தனைக்கு அது ஒரு கேள்வியை வைக்கிறது. ஒரு சொல் இறைவனுடையது என்றோ, முடிவான உண்மை என்றோ நம்புகிறவருக்கு அந்தச் சொல்லின் கறுப்பு உடம்பு எவ்வளவு முக்கியம்? வடிவம் பொருள் போட்டுக்கொள்ளும் சட்டையா, பொருளின் உறுப்பா? கண்ணைப் பிடித்திழுக்கும் எழுத்து, மனத்தைத் தானாக ஒப்படைக்கும்படி கேட்கும் சொல்லுக்குத் துணை செய்யுமா, ஊறு செய்யுமா? நோர்வேயும் தமிழகமும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில், ஏறக்குறைய எதிரெதிர்த் திசைகளிலிருந்து விடை தேடியிருக்கின்றன.

தடிப்பும் மெலிவும் ஐரோப்பிய எழுத்துக்கு எழுதுகோலிலிருந்து வந்தவை. பட்டையாகச் சீவிய இறகுப் பேனா ஒரு திசையில் அகலமாகவும் மற்றத் திசையில் ஒல்லியாகவும் கோடிழுக்கும். பிறகு கூர்முனைப் பேனாவும் செப்புத்தகட்டு வேலையும் அந்த வேறுபாட்டைக் கூட்டின. பர்மிங்ஹாம் நகரின் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வெர்ஜிலின் நூலைத் தாம் செய்வித்த கூரிய எழுத்தில் அச்சிட்டபோது, இந்த மெல்லிய கோடுகள் வாசகர்களின் கண்ணைக் கெடுத்துவிடும் என்று குறை சொன்னார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்லின் 1760இல் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு சோதனையை விவரிக்கிறார். அப்படிக் குறை சொன்ன ஒருவரிடம் அவர் எழுத்து வார்ப்பாளர் வில்லியம் காஸ்லனின் மாதிரித் தாளைப் பெயர்ப் பகுதியைக் கிழித்துவிட்டுக் கொடுத்தார், இது பாஸ்கர்வில்லின் எழுத்து என்று சொல்லி. அந்த மனிதர் வரிக்கு வரி கண்வலிக்குக் காரணம் காட்டினார். காஸ்லனின் எழுத்தோ அவர் காலமெல்லாம் நோவின்றிப் படித்துவந்த எழுத்து. கண் பார்ப்பதில் எவ்வளவு பங்கு முன்முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அச்சு வரலாற்றில் அரிது.

அதே பாஸ்கர்வில் 1763இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக விவிலியத்தை அச்சிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் மிக அழகிய விவிலியப் பதிப்புகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அவர் கிறித்தவத்தை ஏற்காதவர். திருச்சபை மண்ணில் தம்மைப் புதைக்கக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்து, 1775இல் தம் சொந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டவர். நம்பாதவர் கையிலிருந்து வந்த வடிவம் நம்பிக்கையாளரின் பக்கத்துக்குப் பொருந்தியது. பாஸ்கர்வில் திறந்த வழியில் பாரிஸில் ஃபிர்மேன் தீதோ 1784இலும், பார்மாவில் ஜாம்பாத்திஸ்தா போதோனி அதையடுத்தும் மேலும் போனார்கள். அவர்கள் எழுத்தில் பேனாவின் நினைவே இல்லை. செங்குத்துக் கோடும் மயிரிழையும் அளவுகோலால் பிரிக்கப்பட்டன. போப் ஏழாம் பயஸ் 1805இல் பார்மா வழியாகச் சென்றதை ஒட்டி, ஆண்டவர் கற்பித்த செபத்தை 155 மொழிகளில் தொகுத்து 1806இல் போதோனி வெளியிட்டார். ஒரே செபம், 155 உடல்கள். வடிவம் பொருளைத் தொடாது என்ற நம்பிக்கைக்கும், ஒவ்வொரு வடிவமும் தனி மரியாதைக்கு உரியது என்ற நம்பிக்கைக்கும் அந்த ஒரே நூல் சான்றாகிறது.

அங்கிருந்து கொட்டை எழுத்துக்கு ஒரே ஓர் அடி. லண்டனில் ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பாளர் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெடுங்கோட்டை மட்டும் பருக்கவிட்டு, மயிரிழையை அப்படியே நிறுத்தினார். ஃபேட் ஃபேஸ் என்று பெயர் பெற்ற இந்த எழுத்தை முதலில் வாரிக்கொண்டவர்கள் அரசு லாட்டரிச் சீட்டு விற்றவர்கள். சுவரில் ஒட்டிய பத்து அறிவிப்புகளுக்கு நடுவே தங்கள் அறிவிப்பு மட்டும் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் தேவை. தாமஸ் ஹான்சார்ட் 1825இல் எழுதிய அச்சுக்கலை நூலில் இந்த எழுத்துகளை விகிதம் கெட்ட அபத்தம் என்று கடிந்தார். இங்கிலாந்தின் அரசு லாட்டரி 1826இல் நின்றுபோயிற்று, எழுத்து நிற்கவில்லை. நாடக அரங்கு, ரயில், ஏலம், தேர்தல் என்று எல்லாச் சுவர்களுக்கும் பரவியது. நோர்வேயின் முதல் ரயில் பாதை 1854இல் கிறிஸ்தியானியாவிலிருந்து (இன்றைய ஒஸ்லோ) லில்லெஸ்ட்ரோம் வழியாக எய்ட்ஸ்வோல் வரை திறக்கப்பட்டபோது ஐரோப்பாவின் பொது அறிவிப்புகள் இந்த எழுத்தின் பிடியில் இருந்தன. அதுவரை சதுப்பு நிலமும் ஆற்றில் மிதந்துவரும் மரக்கட்டைகளுமாக இருந்த லில்லெஸ்ட்ரோம், அந்தப் பாதையாலும் நீராவியால் ஓடிய மர அறுவை ஆலைகளாலும் ஊராயிற்று. கடந்துபோகும் பயணிக்கான, நின்று வாசிக்க நேரமில்லாதவனுக்கான எழுத்து பிறந்த உலகமும் அதுவே.

ஆனால் நோர்வேயில் பெரிய எழுத்தின் வரலாறு ரயிலோடு தொடங்கவில்லை. அதன் உண்மையான தொடக்கம் தேவாலயத்துக்குள் இருக்கிறது. டென்மார்க்-நோர்வே முடியாட்சி 1536-37இல் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. புனிதர்களின் சிலைகளுக்கு முன்னால் விளக்கேற்றி வேண்டுவதைப் புதிய திருச்சபை ஏற்கவில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், பல ஊர்த் தேவாலயங்களில் பீடத்துக்கு மேலே ஒரு புதிய பொருள் வந்து நின்றது: படமே இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள பீடப்பலகை. கறுப்புப் பின்னணியில் பொன் எழுத்தில் பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், ஆண்டவர் கற்பித்த செபம், இராப்போசனத்தை நிறுவிய வாக்கியங்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்த பகுதிகள் அதில் இருக்கும். மறைக்கல்விப் பலகை என்று இதைச் சொல்லலாம். கண் நோக்கும் இடத்தில் உருவத்தை எடுத்துவிட்டுச் சொல்லை வைத்தார்கள். இறைவன் காதின் வழியாக வருகிறான், பிரசங்கத்திலும் வாசிப்பிலும் வருகிறான் என்பது அவர்கள் கொள்கை.

இந்தப் பலகைகளின் முன்னே மண்டியிட்ட உழவர்களில் பெரும்பாலோர் வாசிக்கத் தெரியாதவர்கள். நோர்வேக்குள் முதல் அச்சகமே 1643இல்தான் வந்தது. அதுவரை நூல்கள் முக்கியமாகக் கோபன்ஹேகனிலிருந்து வந்தன. 1736இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உறுதிப்பூசுதல் கட்டாயமானது. 1737இல் எரிக் பொந்தொப்பிதானின் மறைக்கல்வி விளக்கநூல் வந்தது. 1739இல் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான சட்டம் வந்தது. அதற்குப் பிறகே வாசிப்பு எளிய மக்களிடம் பரவியது. அதற்கு முன்னால், பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து லில்லெஸ்ட்ரோமுக்கு அருகே நிற்கும் ஷெட்ஸ்மோ கல் தேவாலயம் போன்ற ஒன்றுக்கு வந்த ஓர் உழவனுக்குப் பொன் எழுத்து என்னவாக இருந்திருக்கும்? கறுப்பில் மின்னும் ஒழுங்கான கோடுகள். புனிதமானது என்று தெரியும்; என்ன சொல்கிறது என்று போதகர் வாய் திறந்தால் தெரியும். அதாவது அவன் அந்த எழுத்தைப் பார்த்தான், வணங்கினான், வாசிக்கவில்லை. உருவத்தை ஒழிக்க வந்த எழுத்து, வாசிக்காத கண்ணுக்கு உருவமாகவே நின்றது. இதைச் சீர்திருத்தத்தின் தோல்வி என்று சொல்வது அவசரம். எழுத்து என்பது எப்போதும் இரண்டுமாக இருக்கிறது என்பதே அந்தப் பலகைகள் காட்டும் உண்மை. பல பலகைகளின்மேல் பிற்காலத்தில் ஓவியம் தீட்டினார்கள். பழுதுபார்க்கும்போது வண்ண அடுக்கின் கீழிருந்து எழுத்து மீண்டும் வெளிப்பட்ட தேவாலயங்கள் உண்டு.

தமிழ்ச் சைவம் இதே பாதையில் எதிர்முனையிலிருந்து நடந்தது. அங்கே உருவம் ஒழிக்கப்படவில்லை. உருவமே எழுத்தாக வாசிக்கப்பட்டது. திருவதிகை மனவாசகங்கடந்தார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய உண்மை விளக்கம், தில்லைக் கூத்தனின் திருமேனியை ஐந்தெழுத்தாகப் பிரித்துக் காட்டுகிறது. துடி ஏந்திய கை சிகரம், வீசிய கை வகரம், அபயம் காட்டும் கை யகரம், தீ ஏந்திய கை நகரம், காலடியில் கிடக்கும் முயலகன் மகரம். ஐந்தையும் சேர்த்து நோக்குகிறவன் சிலையைப் பார்க்கும்போதே மந்திரத்தை வாசித்துவிடுகிறான். மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஒன்பதாம் நூற்பாவில் ஐந்தெழுத்தை ஓதும் நெறியை வைக்கிறது. திருமூலரின் திருமந்திரம் நான்காம் தந்திரத்தில் எழுத்துகளைச் சக்கரக் கட்டங்களில் நிறுத்திக் காட்டுகிறது. லூத்தரின் வழிவந்தவர்கள் படத்தை எடுத்துச் சொல்லை வைத்தார்கள். சைவ சித்தாந்திகள் படத்துக்குள் சொல்லைக் கண்டார்கள். இரு சாராரும் சந்திக்கும் இடம் ஒன்றுதான்: பார்ப்பதும் வாசிப்பதும் பிரியாத அந்தக் கணம். தடித்த தலைப்பெழுத்து குடியிருப்பதும் அந்த இடத்தில்தான். அதைக் கண் உருவமாகவும் சொல்லாகவும் ஒரே நொடியில் வாங்கிக்கொள்கிறது. சமயங்கள் அந்த எழுத்தைக் கண்டு கூசுவதும் அதை விரும்புவதும் இதனால்தான்.

எழுத்தின் உடம்பைப் பற்றிய தமிழ் மரபின் எண்ணம் ஒருபடித்தானது அல்ல. நன்னூல் எழுத்தை முதலில் ஒலியாகவே வரையறுக்கிறது. வரிவடிவம் அந்த ஒலிக்கு இட்ட அடையாளம். மீமாம்சகர்களும் எழுத்தொலி என்றும் உள்ளது, எழுதப்படும் கோடு அதன் குறிப்பு மட்டுமே என்பார்கள். ஓதுவார் மரபில் பதிகம் நாவில் இருக்கிறது. ஏடு துணைக்கு இருக்கிறது. ஆனால் மக்களின் பக்தி ஏட்டை இவ்வளவு எளிதில் தள்ளிவிடவில்லை. மதுரையில் திருஞானசம்பந்தர் இட்ட ஏடு நெருப்பில் வேகாமல் பச்சையாக இருந்தது என்றும், வைகையில் எதிரேறித் திருவேடகத்தில் நின்றது என்றும் பெரியபுராணம் சொல்கிறது. சோதனைக்கு உள்ளானது பாடலின் பொருளைத் தாங்கிய ஓலை. எழுத்தின் உடம்புக்கே அங்கே சான்று கேட்கப்பட்டது. மறுபுறம், தில்லையில் நம்பியாண்டார் நம்பியும் இராசராசனும் அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. உடம்பு போனால் அந்தப் பாடல்களும் போயின. ஒலி என்றும் உள்ளது என்ற தத்துவம் அந்த இழப்பைத் தடுக்கவில்லை. காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தமிழ் வழக்கம் இந்த அறிவிலிருந்து வளர்ந்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் தேவாரமா, துணிக்கடை நோட்டீஸா என்று யாரும் பார்ப்பதில்லை. பொருள் எதுவானாலும் எழுத்தே வணக்கத்துக்கு உரியது என்பது ஒரு முழுமையான நிலைப்பாடு. படித்தவர்கள் அதைப் பழக்கதோஷம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

யூத மரபு இன்னும் கண்டிப்பானது. தோரா சுருளில் ஓர் எழுத்து விடுபட்டாலோ, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலோ, திருத்தும்வரை அந்தச் சுருள் வழிபாட்டுக்கு உதவாது. உருவம் வரைய இடமில்லாத இஸ்லாமியப் பள்ளிவாசல்களில் எழுத்துக்கலை அடைந்த உயரம் யாவரும் அறிந்தது.

வடிவம் பொருளின் பகுதி என்று கொண்டால் அடுத்த கேள்வி எழுகிறது: வடிவத்துக்கு நன்மை தீமை உண்டா? ஜெர்மனியில் இதை வெளிப்படையாகவே செய்து பார்த்தார்கள். விட்டன்பெர்க்கில் லூத்தரின் விவிலியத்தை மெய்ப்புத் திருத்திய கியோர்க் ரோரர், 1540களின் பதிப்புகளில் சில சொற்களின் தலையெழுத்தை மாற்றிக் கோக்கச் செய்தார். அருளையும் ஆறுதலையும் சொல்லும் சொற்களுக்கு ஃப்ராக்டூர் என்ற ஜெர்மன் முறுக்கெழுத்து. கோபத்தையும் தண்டனையையும் சொல்லும் சொற்களுக்கு ரோமன் எழுத்து. உரோமாபுரியின் எழுத்தில் சினம், தாய்நாட்டு எழுத்தில் அருள். வாசகன் சொல்லை எட்டுவதற்கு முன்பே தலையெழுத்து அவன் மனத்தைச் சாய்த்துவிட வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. அது நிலைக்கவில்லை, நிலைக்காதது நல்லது. நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 1941 சனவரியில், ஃப்ராக்டூரைத் தேசத்தின் ஆன்மா என்று தூக்கிப்பிடித்திருந்த நாஜி ஆட்சியே அதை யூத எழுத்து என்று பொய் சொல்லித் தடை செய்தது. ஒரே வடிவம் ஒரு காலத்தில் அருளின் எழுத்து, ஒரு காலத்தில் இனத்தின் எழுத்து, அடுத்த நாள் பகைவனின் எழுத்து. நோர்வேயிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை சமய நூல்கள் பெரும்பாலும் ஃப்ராக்டூரில்தான் வந்தன. பாட்டியின் பாட்டுப்புத்தகத்தின் எழுத்து என்ற பாசத்தோடு அது பழகி, பிறகு ரோமன் எழுத்துக்கு இடம் விட்டது. விசுவாசம் எழுத்தோடு போய்விடவில்லை.

வடிவத்தைச் செய்தவனின் குற்றம் வடிவத்தில் ஒட்டுமா என்பது இதைவிடக் கடினம். எழுத்துரு வடிவமைப்பாளர் எரிக் கில் தீவிரக் கத்தோலிக்கர்; எழுத்து வெட்டுவதை வழிபாடாகக் கருதியவர். அவர் தம் மகள்களையே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதை 1989இல் வெளிவந்த ஃபியோனா மெக்கார்த்தியின் வாழ்க்கை வரலாறு வெளிப்படுத்தியது. அதற்குப் பிறகு 2000இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலான காமன் வொர்ஷிப் அவருடைய கில் சான்ஸ் எழுத்திலேயே கோக்கப்பட்டது. நம்பாத பாஸ்கர்வில்லின் எழுத்தில் விவிலியத்தை ஏற்ற மனம் இதையும் ஏற்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பாஸ்கர்வில் ஒரு கொள்கையை மறுத்தார். கில் மனிதர்களைச் சிதைத்தார். வளைகோட்டில் குற்றம் படியாது என்பது சரி. ஆனால் அறிந்தும் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் செயல் எழுத்தின் செயல் அல்ல, தேர்ந்தெடுப்பவரின் செயல். அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வடிவமும் பொருளும் முற்றிலும் பிரிந்து நிற்கும் ஓர் ஏற்பாட்டை இருபதாம் நூற்றாண்டு உண்டாக்கியது. லில்லெஸ்ட்ரோமை அடுத்துள்ள ஷெல்லரில் இருக்கும் நில அதிர்வு ஆய்வு நிலையம் 1973இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்புடன் இணைந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த வலை எட்டிய முதல் இடம் அது. அந்தக் கம்பிகளில் எழுத்து எண்ணாகப் போயிற்று, உருவமாகப் போகவில்லை. 1991இல் வந்த யூனிகோட் முறை இதை உலகின் பல எழுத்துகளுக்கும் விரித்தது. அதில் தமிழ்க் ககரம் 2965 என்ற எண். அது தடித்ததா, மெலிந்ததா, குமிழ் வைத்ததா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. ஒலிவடிவம், வரிவடிவம் என்று இலக்கணிகள் பிரித்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது: ஒலியும் இல்லாத, கோடும் இல்லாத எழுத்து. உடம்பில்லாத ஆன்மாவைக் கற்பனை செய்ய முடியாது என்று வாதிட்ட தத்துவவாதிகள் இதைப் பார்த்திருந்தால் தங்கள் வாதத்தை மறுபடி எடை போட்டிருப்பார்கள். என்றாலும் மனிதக் கண்ணுக்கு முன் வரும்போது 2965 ஏதாவது ஓர் உடம்பை எடுத்தே ஆக வேண்டும். யார் எந்த உடம்பைக் கொடுக்கிறார்கள் என்ற பொறுப்பு அங்கே திரும்ப வந்து சேர்கிறது.

அந்தப் பொறுப்பைப் பற்றி மிகவும் பேசப்பட்ட வாதம் அச்சுக்கலை எழுத்தாளர் பியட்ரிஸ் வார்டுடையது. 1930இல் லண்டனில் அச்சுத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையில், நல்ல அச்சு பளிங்குக் கோப்பையாக இருக்க வேண்டும் என்றார். உள்ளே இருக்கும் மதுவைக் காட்ட வேண்டும், தன் வேலைப்பாட்டைக் காட்டக் கூடாது. நூலின் உடற்பகுதிக்கு இது ஏறக்குறைய முழு உண்மை. சிவபுராணத்தையோ சங்கீதங்களையோ பக்கம் பக்கமாகக் கொட்டை எழுத்தில் கோத்துக் கொடுத்தால், எழுத்தைத் தாண்டி யாராலும் பொருளுக்குப் போக முடியாது. தலைப்புக்கு இந்த விதி பொருந்தாது. தலைப்பின் வேலையே நிறுத்துவது. கோயில் கோபுரத்தின்மேல் மின்விளக்கில் எழுதிய சிவ சிவ என்ற சொல்லை யாரும் புதிதாக வாசித்து அறிவதில்லை; தொலைவில் வரும்போதே கை கூப்பிவிடுகிறார்கள். அங்கே எழுத்து தரிசனம். நோர்வேயில் ஹான்ஸ் நீல்சன் ஹவ்கே தொடங்கிய பொதுமக்கள் எழுப்புதலின் வழிவந்த பிரார்த்தனை வீடுகளில், படமில்லாத முன்சுவரில் பெரிதாகத் தீட்டிய ஒரு விவிலிய வாக்கியம் இருக்கக் காணலாம். ஞாயிறுதோறும் அதே வாக்கியம். அதுவும் தகவலுக்காக எழுதப்பட்டது அல்ல.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் (1909-1943), கலப்பற்ற கவனமே பிரார்த்தனையின் சாரம் என்று கருதினார். கவனம் கொடுக்கப்படுவது, காத்திருப்பது, தன்னை ஒதுக்கிக்கொள்வது. லாட்டரி விற்றவன் வாரிக்கொண்ட எழுத்து கவனத்தைக் கேட்பதில்லை, பறிக்கிறது. நற்செய்திக் கூட்டச் சுவரொட்டிகளிலும், குடமுழுக்குப் பத்திரிகைகளிலும், ஆன்மிகச் சொற்பொழிவு விளம்பரங்களிலும் இன்று காணும் கனத்த எழுத்து இரண்டு வேலைகளைக் கலந்து செய்கிறது. நாளையும் இடத்தையும் தூரத்திலிருந்து தெரிவிப்பது ஒன்று. இறைவன் பெயரையும் பேச்சாளர் பெயரையும் ஒரே தடிப்பில் நிறுத்துவது மற்றொன்று. முதல் வேலை சேவை. இரண்டாவது, கவனம் யாருக்குச் சேர வேண்டுமோ அவரிடமிருந்து அதை நடுவழியில் எடுத்துக்கொள்வது. பேச்சாளரின் பெயர் கடவுளின் பெயரைவிடப் பருத்திருக்கும் சுவரொட்டிகளில் அந்த எடுத்துக்கொள்ளுதல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது வெளிப்படை. எழுத்துரு செய்தவரை இதற்குக் குறை சொல்ல முடியாது. அளவைத் தீர்மானித்தவர் ஒருவர் இருக்கிறார்.

தமிழில் இந்த எழுத்தைச் செய்வதற்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஓலையில் எழுத்தாணி கீறும். பட்டைப் பேனா போல ஒரு திசையில் அகன்று மறு திசையில் ஒடுங்காது. எனவே தமிழ் எழுத்துக்குத் தடிப்பு-மெலிவு முறை மரபில் வரவில்லை. எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும் என்பதைக் கை சொல்லித்தரவில்லை. அச்சு வந்தபிறகு ஒவ்வோர் எழுத்து வெட்டுநரும் தாமே முடிவெடுத்தார்கள். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானதிலிருந்து இந்த முடிவெடுத்தல் தொடங்குகிறது. டென்மார்க்கும் நோர்வேயும் ஆண்ட நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தை வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார்கள். தரங்கம்பாடிப் பணியை மேற்பார்க்க 1714இல் கோபன்ஹேகனில் தொடங்கிய மிஷன் கழகம்தான் வட நோர்வேயின் சாமி மக்களிடையே தாமஸ் வான் வெஸ்டனையும் அனுப்பியது. நோர்வே உழவனின் பிள்ளை மறைக்கல்வியை எழுத்துக்கூட்டிய நூற்றாண்டில், அதே முடியின் கீழ் தரங்கம்பாடியில் ஒரு பிள்ளை தமிழில் அதை எழுத்துக்கூட்டியது.

ரோமன் எழுத்தைப் பார்த்து நெடுங்கோட்டை மட்டும் தடிக்கவிடும் வடிவமைப்பாளருக்கு ப, ட, ம, ர ஆகியவை எளிதில் வசப்படும். ண, ஐ, ஞ, ஜ முரண்டு பிடிக்கும். ணகரத்தின் அடுத்தடுத்த சுழிகளைக் கோட்டின் தடிப்போடு அடைக்க முயன்றால் எழுத்து அகன்றுபோய், பக்கத்து எழுத்துகளோடு அளவு பொருந்தாது. புள்ளி இன்னும் நுட்பமான விஷயம். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. வாசகன் இடமறிந்து ஒலித்தான். அச்சில் புள்ளி இல்லாவிட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். தடித்த எழுத்தில் புள்ளி குமிழாகப் பருக்க வேண்டும், அதே வேளையில் எழுத்தின் தலையைத் தொடவும் கூடாது. திருமுறைத் தலைப்பில் ஒரு புள்ளி நசுங்கினால் ஓதுகிறவரின் நாக்கு தடுக்கும். குறில் நெடில் எகர ஒகரங்களை வேறுபடுத்தி எழுதும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஒழுங்கு செய்தபோது ஒரு கொம்பின் மேற்சுழியில் பொருளை வைத்தார். மயிரிழையாக ஒடுங்கும் எழுத்துருவில் அந்தச் சுழி தெரியாமல் போனால் அவர் செய்த வேலை அந்த இடத்தில் வீணாகிறது. இலக்கணத்தைத் தாங்கும் கோடு எது, அழகுக்கு வந்த கோடு எது என்று தெரியாமல் தமிழ்க் கொட்டை எழுத்தைச் செய்யக் கூடாது.

பயன்பாட்டில் சில வரம்புகள் அனுபவத்தில் தெளிந்தவை. பெரிய அளவில்தான் இந்த எழுத்து உயிரோடு இருக்கும். சிறிய அளவில் மயிரிழை அச்சில் உடையும், மட்டமான தாளில் மை ஊறி உள்வெளி மூடிவிடும். திரையிலும் குறைந்த தெளிவில் மெல்லிய கோடு மங்கும். கறுப்பில் வெள்ளையாகப் போட்டால் ஒளி கசிந்து மயிரிழையை விழுங்கும். பழைய பீடப்பலகைகளின் பொன் எழுத்து ஓரளவு கனமான கோட்டோடு தீட்டப்பட்டதற்கு மெழுகுவர்த்தி வெளிச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் நீண்டால் கண் களைக்கும். லில்லெஸ்ட்ரோமில் 2002 முதல் இயங்கும் பெரிய கண்காட்சி வளாகம் போன்ற இடங்களில், நூறடி தள்ளி நிற்பவர் தேடிவரும் ஒற்றைப் பெயருக்கு அது சரியான எழுத்து.

ஒஸ்லோவின் அம்மெரூட் பகுதியில் உள்ள சிவசுப்பிரமணியர் ஆலயத்துக்கு லில்லெஸ்ட்ரோம் பக்கத்திலிருந்தும் செல்லக்கூடிய புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில் மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. பாட்டி தமிழை எழுத்துக்கூட்டாமல் படிப்பார்; பேரப்பிள்ளைக்கு நோர்வே எழுத்து முதலில் வரும், தமிழ் எழுத்து வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் வரும். இவர்களுக்காக இரு மொழியில் அச்சிடும் பண்டிகை அழைப்பில் தமிழ்த் தலைப்பும் நோர்வேத் தலைப்பும் ஒரே கனத்தில் நிற்க வேண்டுமானால், தமிழின் நெடுங்கோட்டைச் சற்றே குறைத்து, உயரத்தைச் சற்றே கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் வரி கறுத்துத் திரண்டு, வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு வெறும் அலங்காரப் பட்டையாகிவிடும். பாட்டிக்கு அது சொல், பிள்ளைக்கு அது படம். பிள்ளைக்கும் அது சொல்லாக வேண்டுமானால் முருகன் பெயரைத் தலைப்பில் கொட்டை எழுத்திலும், கீழே வரும் திருப்புகழ் வரிகளைச் சீரான கோட்டில், போதிய உள்வெளி விட்ட சாதாரண எழுத்திலும் கோப்பதே தக்கது.